மூன்று மீட்டர் பாஸ்

நடுக்களத்தில் கொஞ்சம் பின்தங்கி, பேக்குகளுக்கு முன்னால் நின்று ஆடுகிறவனை 'டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர்' என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்கள். பாதிக் குழப்பத்துக்கு இந்தப் பெயரே காரணம் என்பது என் கட்சி. பெயரில் 'டிஃபென்ஸ்' என்று ஒட்டியிருப்பதால், அவன் தடுக்க மட்டுமே வந்தவன், பயந்த அணிகள் வைத்துக்கொள்ளும் ஆள், தாக்கி ஆடுகிற அணிக்கு அவன் ஒரு சுமை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மாலையில் எங்களோடு பூல் ஆட வருகிற நண்பர்களில் மூவர் இந்தக் கட்சி. மூவருமே என் வயதை ஒட்டியவர்கள், உலகக் கோப்பை என்றால் தூக்கத்தை விடுகிறவர்கள். அவர்களோடு வாயால் வாதாடி அலுத்துவிட்டது. ஆகவே எழுதிவிடுகிறேன்.

மற்ற ஊர்க்காரர்கள் அவனை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். நாம் பள்ளியில் படித்த பிரெஞ்சில் அவன் 'சாந்தினெல்', அதாவது காவல் நிற்பவன். இன்னொரு பெயர் 'ரெக்குபெராத்தேர்', போனதை மீட்டுக் கொடுப்பவன். ஸ்பெயின்காரர்கள் 'பிவோத்தே' என்கிறார்கள். கதவு எதன்மேல் சுழல்கிறதோ அந்த முளை. பிரேசிலில் 'வொலாந்தே'. அது அங்கே ஆடிய ஓர் அர்ஜென்டினாக்காரரின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் வண்டியின் ஸ்டீயரிங் என்றும் பொருள். பிரெஞ்சு 'வொலான்' போலவே. ஸ்டீயரிங்கைப் பிடித்தவனை 'பிரேக் போடுகிறவன்' என்று மட்டும் சொன்னால் அது நியாயமா?

பூல் ஆடுகிறவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. எங்கள் ஆட்டத்தில் எதிரியின் குண்டைக் குறிபார்த்து அடித்துப் பறக்கவிடுகிற தீரேருக்குத்தான் கைதட்டல். முதலில் நிதானமாகத் தன் குண்டை உருட்டிக் கொஷொனேவின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்த புவேந்தேரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவன் சரியாக வைக்காத நாளில் தீரேர் எத்தனை குண்டைப் பறக்கவிட்டும் பயனில்லை. தினமும் இதைக் கண்ணால் பார்க்கிற மனிதர்கள் கால்பந்து என்று வந்தவுடன் எப்படி மறந்துவிடுகிறார்களோ தெரியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். இது ஏதோ நேற்று வந்த பயிற்சியாளர்கள் கண்டுபிடித்த கோழைத்தனம் இல்லை. பழைய 2-3-5 ஆட்டத்தில் சென்டர் ஹாஃப் என்று ஒருவர் இருந்தாரே, அவர் யார்? இரண்டு பேக்குக்கும் ஐந்து ஃபார்வர்டுக்கும் நடுவில் நின்று, பந்தைப் பறித்து, திருப்பி, முன்னால் அனுப்பியவர். அணியிலேயே அறிவாளி அவர்தான் என்று கருதப்பட்ட காலம் அது. 1925இல் ஆஃப்சைடு விதியை மாற்றினார்கள். அதுவரை முன்னால் மூன்று எதிராளிகள் இருக்கவேண்டும் என்றிருந்தது இரண்டு பேர் போதும் என்று ஆனது. கோல்கள் கொட்டின. உடனே ஆர்செனலில் ஹெர்பர்ட் சாப்மேன் போன்றவர்கள் அந்த சென்டர் ஹாஃபைப் பின்னால் இழுத்து மூன்றாவது பேக்காக நிறுத்திவிட்டார்கள். நடுவிலிருந்த மூளையைத் தூக்கிச் சுவரில் செங்கல்லாக வைத்ததுதான் தற்காப்பு. பின்னாளில் மறுபடியும் ஒருவனை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது அந்தச் செங்கல்லை மூளையாக மாற்றிய வேலை. நண்பர்கள் வரலாற்றைத் தலைகீழாகப் படித்திருக்கிறார்கள்.

அவர்கள் எடுத்தவுடன் வீசுகிற அஸ்திரம் பிரேசில். "பெலே காலத்தில் எந்தக் காவல்காரன் இருந்தான்?" இருந்தான் ஐயா. அவன் பெயர் க்ளோதோவால்தோ. 1970இல் அவனுக்கு வயது இருபது. ஜூன் 21, மெக்சிகோ சிட்டி, அஸ்டெகா மைதானம், இத்தாலிக்கு எதிரான இறுதி ஆட்டம். 4-1 என்று முடிந்த அந்த ஆட்டத்தின் நாலாவது கோலை உலகத்திலேயே அழகான கோல் என்று என் நண்பர்களே நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். பெலே அவசரமே இல்லாமல் வலது பக்கம் தட்டிவிட, கேப்டன் கார்லோஸ் ஆல்பெர்த்தோ ஓடி வந்து அடித்தது. அவர்களுக்கு ஞாபகம் இருப்பது அந்தக் கடைசி இரண்டு உதை. அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததைப் பாருங்கள். தன் பாதிக் களத்தில், ஆபத்தான இடத்தில், க்ளோதோவால்தோ ஒருவர் பின் ஒருவராக நாலு இத்தாலியர்களை ஏமாற்றிக் கடக்கிறான். பிறகுதான் ரிவெலினோ, ஷாயிர்சின்யோ, பெலே, கோல். அந்த நாலு பேரும் அவன்மேல் வந்து விழுந்ததால்தான் மேலே அவ்வளவு இடம் கிடைத்தது. அதே ஆட்டத்தில் அவன் அலட்சியமாகக் குதிகாலால் தட்டிய பந்துதான் இத்தாலிக்கு ஒரு கோலைக் கொடுத்தது என்பதையும் மறைக்கவில்லை. இரண்டுமே என் கட்சிக்குத்தான் சாட்சி. அந்த இடத்தில் நிற்பவன் செய்வது இரண்டு பக்கத்துக் கோலையும் தொடும்.

அரையிறுதியையும் பாருங்கள். உருகுவே ஜெர்சோனை ஒட்டிக்கொண்டு நகரவிடவில்லை. ஜெர்சோன் பின்னால் தங்க, க்ளோதோவால்தோ அவர் இடத்துக்கு மேலேறினான்; பாதி நேரத்துக்குச் சற்று முன்னால் சமன் செய்த கோலையும் அடித்தான். பின்னால் நிற்கிறவனுக்கு முன்னால் போகவும் தெரிந்திருக்கவேண்டும். எப்போது என்பதுதான் அவன் தொழில்.

அடுத்த அஸ்திரம் 1982 பிரேசில். ஸீக்கோ, சோக்ராத்தெஸ், ஃபல்காவோ, செரேஸோ. அந்த அணியைப் போல் இனி ஒன்று வராது என்று கண்ணில் நீர் வராத குறையாகச் சொல்வார்கள். எனக்கும் அந்த அணி பிடிக்கும். ஆனால் ஜூலை 5 அன்று பார்சலோனாவில் இத்தாலியிடம் 3-2 என்று தோற்றதே, ஏன்? சமன் செய்தாலே அரையிறுதிக்குப் போயிருக்கும். பௌலோ ரோஸியின் இரண்டாவது கோலை நினைத்துப் பாருங்கள். செரேஸோ தன் பாதிக் களத்தில் குறுக்காக ஒரு பந்தைத் தட்டுகிறார். பக்கத்தில் சக ஆட்டக்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆளுக்கு ஆள் மற்றவர் எடுப்பார் என்று பார்க்கிறார்கள். ரோஸி நடுவில் புகுந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தே தலை நரைத்தவன் சொல்கிறேன்: எல்லோருக்கும் பொது என்று ஒரு கோப்பு வந்தால் அது எந்த மேசையிலிருந்தும் நகராது. அந்த இடத்துக்கென்று ஒரு ஆள் இருந்திருந்தால் அந்தப் பந்து அவனுடைய மேசைக்கு வந்த தபால். மூன்றாவது கோல் கார்னரிலிருந்து வந்தது; அதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஆனால் 2-2 என்று ஆனபிறகும், அதுவே போதும் என்றிருந்தபோதும், அந்த அணிக்கு ஆட்டத்தை நிதானப்படுத்தத் தெரியவில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுவதற்கும் சும்மா முன்னால் போய்க்கொண்டே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

மூன்று நாள் கழித்து செவில்லில் பிரான்சுக்கும் இதே கதை. ஜூலை 8 அரையிறுதி, மேற்கு ஜெர்மனியோடு. கோல்கீப்பர் ஷூமாஹர் பாத்திஸ்தோனை இடித்துச் சாய்த்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அது வேறு விஷயம். கூடுதல் நேரத்தில் பிரான்சு 3-1 என்று முன்னால் இருந்தது. பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கவேண்டிய கட்டத்தில் எங்கள் ஆட்கள் இன்னும் பாடிக்கொண்டே முன்னால் போனார்கள். ரும்மெனிகே ஒன்று, ஃபிஷர் தலைகீழாகப் புரண்டு ஒன்று. 3-3. பெனால்டியில் போயிற்று.

இரண்டு வருடத்தில் பயிற்சியாளர் மிஷெல் இதால்கோ என்ன செய்தார்? பிளாத்தினி, ஜிரெஸ், திகானா மூவரோடு லூயி பெர்னாந்தெஸைக் கொண்டுவந்து சேர்த்தார். ஓடிப் பிடித்துப் பந்தைப் பறிக்கிற ஆள். பிரெஞ்சுக்காரர்கள் அந்த நால்வரை 'காரே மாஜிக்' என்று இன்றும் சொல்கிறார்கள். தற்காப்பு ஆளைச் சேர்த்ததால் ஆட்டம் சுருங்கிப் போனதா? 1984 ஐரோப்பியக் கோப்பையில் ஐந்து ஆட்டம், ஐந்தும் வெற்றி. பிளாத்தினி ஒருவரே 9 கோல். அவர் நடுக்கள ஆட்டக்காரர் என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் என்ன ஆகுமோ என்று திரும்பிப் பார்க்கவேண்டிய கவலை அவருக்கு இல்லாமல் போனது. அந்த 9 கோலில் பெர்னாந்தெஸுக்குப் பங்கு எவ்வளவு என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் இல்லை என்று ஆகிவிடுமா?

சரி, காரணத்துக்கு வருகிறேன். பந்தை வைத்துக்கொண்டு ஆடுகிற அணிக்கு இவன் ஏன் மற்ற அணிகளைவிட அதிகமாகத் தேவை?

கோட்டைக்குள் பத்துப் பேர் அடைந்துகொண்டு நிற்கிற அணிக்கு உண்மையில் இவன் அவ்வளவு அவசியமில்லை. அங்கே எல்லோருமே காவல்காரர்கள். ஆனால் பந்தை நாமே வைத்திருக்கிறோம், எதிரணி முழுவதும் அவர்கள் பெட்டிக்குள் ஒடுங்கி நிற்கிறது என்று வையுங்கள். அவர்களைப் பிரிக்க இரண்டு ஃபுல் பேக்கும் கோட்டை ஒட்டி மேலே போயாகவேண்டும். உள்நடு ஆட்டக்காரர்கள் இருவரும் மேலே. ஃபார்வர்டுகள் மூவர் ஏற்கெனவே மேலே. ஏழு பேர் போய்விட்டார்கள். பின்னால் இரண்டு சென்டர் பேக். அவர்களுக்குப் பின்னால் நாற்பது ஐம்பது மீட்டர் வெறும் புல். இப்போது பந்து பறிபோனால்? முதல் மூன்று நாலு நொடிதான் கணக்கு. எதிரணி தலை நிமிர்ந்து ஒரு நீளப் பந்தை அனுப்பிவிட்டால் முடிந்தது. அந்த நொடியில் சரியான இடத்தில் ஒருவன் நிற்கவேண்டும். பந்து போனபிறகு ஓடிவந்தால் பயனில்லை. போவதற்கு முன்பே, நம் அணி தாக்கிக்கொண்டிருக்கும்போதே, 'இந்தப் பந்து போனால் எங்கே வரும்' என்று கணக்குப் போட்டு அங்கே நின்றிருக்கவேண்டும். ஆக அவன் காவல் வேலையின் பெரும்பகுதி நடப்பது நம் அணி தாக்கும் நேரத்தில். அவன் நிற்கிறான் என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏழு பேரும் போகிறார்கள். அவனை எடுத்துவிட்டு இன்னொரு ஃபார்வர்டைப் போட்டால், ஃபுல் பேக் இருவரும் பயந்து பின்னால் நின்றுவிடுவார்கள். ஒருவரைக் கூட்டி இருவரை இழந்த கணக்கு.

இது பாதி. மற்றப் பாதி பந்து நம்மிடம் இருக்கும்போது. வலது பக்கம் அடைத்துவிட்டது என்றால் பந்தை இடது பக்கம் மாற்றவேண்டும். யார் வழியாக? அவன் வழியாக. எதிரணி இரண்டு பேரை அனுப்பி சென்டர் பேக்குகளை நெருக்கினால், இவன் அவர்களுக்கு நடுவில் இறங்கி மூன்றாவது ஆளாகிறான். மூவருக்கு இருவர் என்று கணக்கு நமக்குச் சாதகமாகிறது. ஃபுல் பேக்குகள் இன்னும் மேலே போகலாம். பார்சலோனாவில் செர்ஹியோ புஸ்கெட்ஸ் இதைச் செய்ததைப் பார்க்க எனக்குச் சலிக்காது. மெல்லிய உடம்பு. வேகம் கிடையாது. பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் மேலாக ஒரு பார்வை. வந்த பந்தை ஒரு பக்கம் போவதுபோல் காட்டி, ஒட்டிக்கொள்ள வந்தவனை அந்தப் பக்கம் சாயவிட்டு, மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கிற ஷாவிக்கோ இனியெஸ்தாவுக்கோ கொடுத்துவிடுவார். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த மூன்று மீட்டரில் எதிரணி ஆள் ஒருவன் ஆட்டத்திலிருந்தே கழன்றுபோயிருப்பான். வாங்கினவர் முன்னால் பார்த்தபடி நிற்பார்.

2008-09இல் பெப் குவார்தியோலாவின் முதல் பருவத்தில் அந்த அணி லீகில் மட்டும் 105 கோல் போட்டு மூன்று கோப்பைகளை எடுத்தது. அந்த இடத்தை யாயா தூரேயும் இருபது வயது புஸ்கெட்ஸும் பங்கிட்டுக்கொண்டார்கள். யோஹான் க்ரைஃப் காலத்தில் அதே இடத்தில் ஆடியவர் யார்? குவார்தியோலாவேதான். தாக்குதல் ஆட்டத்தின் குருபரம்பரை என்று என் நண்பர்கள் கும்பிடுகிற பரம்பரையில், நடுவில் இருக்கிறவரே ஒரு பிவோத்தே.

இப்போது க்ளோத் மக்கெலெலே வழக்கு. இதில்தான் எனக்கு ரத்தம் கொஞ்சம் சூடாகும்.

ரியல் மாட்ரித் 2000இலிருந்து வருடத்துக்கு ஒரு நட்சத்திரம் வாங்கிக்கொண்டிருந்தது. ஃபிகோ, ஜிதான், ரொனால்தோ. இவர்கள் எல்லோரும் முன்னால் நிற்க, ரொபேர்த்தோ கார்லோஸ் இடது ஓரத்தில் ஃபார்வர்டுபோல ஓட, பின்னால் கூட்டிப் பெருக்கியவர் மக்கெலெலே. மூன்று வருடத்தில் இரண்டு லீக், 2002இல் சாம்பியன்ஸ் லீக். மற்றவர்கள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அவருடையது மிகக் குறைவு. கொஞ்சம் கூட்டிக் கேட்டார். கொடுக்கவில்லை. 2003 கோடையில் செல்சிக்கு விற்றுவிட்டார்கள். தலைவர் ஃப்ளோரெந்தீனோ பெரெஸ் அத்தோடு விட்டிருக்கலாம். தலையால் ஆடத் தெரியாதவர், மூன்று மீட்டருக்கு மேல் பந்தை அனுப்பாதவர் என்ற பொருளில் பேசி வழியனுப்பிவைத்தார். அதே கோடையில் டேவிட் பெக்காம் வந்து இறங்கினார். இஞ்சினைக் கழற்றிவிட்டுக் காருக்கு இன்னொரு தங்கப் பூச்சு எதற்கு என்ற பொருளில் ஜிதான் சொன்னதாக ஒரு பேச்சு உலகமெல்லாம் சுற்றியது.

அடுத்த பருவம் என்ன ஆயிற்று? கடைசி ஐந்து லீக் ஆட்டங்களும் தோல்வி. நாலாம் இடம். கோப்பா தெல் ரே இறுதியில் ஸரகோஸாவிடம் தோல்வி. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் சொந்த ஊரில் 4-2 என்று மொனாக்கோவை வென்றுவிட்டு, மொனாக்கோவில் 3-1 என்று தோற்று, வெளியூர்க் கோல் கணக்கில் வெளியேறினார்கள். அந்த மொனாக்கோவின் பயிற்சியாளர் யார் தெரியுமா? திதியே தெஷாம். எரிக் கான்தோனா முன்பு 'போர்த்தேர் தோ', தண்ணீர் சுமக்கிறவன், என்று ஏளனம் செய்தாரே அதே ஆள். நடுக்களத்தில் அந்தத் தண்ணீரைச் சுமந்துகொண்டே 1998 உலகக் கோப்பையைக் கேப்டனாகத் தூக்கியவர். மாட்ரித் மறுபடி லீக் வெல்ல 2007 ஆயிற்று. அங்கே லண்டனில் மக்கெலெலே இருந்த செல்சி 2004-05இல் ஐம்பது வருடத்துக்குப் பிறகு லீகை வென்றது. 38 ஆட்டத்தில் வாங்கிய கோல் 15.

நண்பர்கள் இங்கே ஒரு குறுக்குக் கேள்வி போடுவார்கள். அந்த வருடம் பயிற்சியாளர் விசென்தே தெல் போஸ்கேயும் போனார், தடுப்பாளர் இயெர்ரோவும் போனார், எல்லாவற்றையும் மக்கெலெலே தலையில் ஏன் கட்டுகிறாய் என்று. நியாயமான கேள்விதான். மூவரும் போனது சேதத்தைப் பெரிதாக்கியது. ஆனால் மக்கெலெலேயின் இடத்துக்கு மாற்றே வாங்காமல் விட்டார்கள் என்பதைப் பாருங்கள். அது ஒரு வேலை என்றே அவர்கள் நினைக்கவில்லை. 2005இல் ஜிதான் ஓய்வை விட்டுப் பிரான்சு அணிக்குத் திரும்பியபோது மக்கெலெலேயும் திரும்பினார். மறு வருடம் அவரும் வியேராவும் பின்னால் நிற்க, முப்பத்து நாலு வயது ஜிதான் உலகக் கோப்பை இறுதிவரை ஆடினார்.

அப்படித் துரத்தப்பட்ட தெல் போஸ்கே என்ன ஆனார்? 2010இல் தென்னாப்பிரிக்காவில் ஸ்பெயினின் பயிற்சியாளர். புஸ்கெட்ஸையும் ஷாபி அலோன்ஸோவையும் சேர்த்தே நிறுத்தினார். முதல் ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்திடம் 1-0 என்று தோல்வி. இரண்டு பேர் எதற்கு, ஒருவரை எடு என்று நாடே கூச்சல். மனிதர் அசையவில்லை. தான் மறுபடி ஆட்டக்காரனாகப் பிறந்தால் புஸ்கெட்ஸைப் போல ஆடவே ஆசைப்படுவேன் என்றார். மக்கெலெலே போனால் என்ன ஆகும் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் அல்லவா? ஏழு ஆட்டத்தில் ஸ்பெயின் வாங்கிய கோல் 2, உலகக் கோப்பை.

"போட்டதும் எட்டே கோல்தானே, தூக்கம் வந்தது" என்பார்கள். சில ஆட்டங்களில் எனக்கும் கொட்டாவி வந்தது. அதற்குப் பழி புஸ்கெட்ஸ்மேல் விழக்கூடாது. முன்னால் இருந்தவர்கள் பெட்டிக்கு முன்னால் நூல் நூற்றுக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்த இறுதி ஆட்டத்தை மட்டும் இந்த வாதத்துக்காகவே மறுபடி பார்க்கவேண்டும். நெதர்லாந்திலும் அதே இடத்தில் இரண்டு பேர், வான் பொம்மெலும் தி யோங்கும். தி யோங் அலோன்ஸோவின் நெஞ்சில் பூட்ஸ் காலைப் பதித்தார். மஞ்சள் அட்டையோடு தப்பினார். க்ரைஃபே தன் நாட்டு ஆட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டுக் கடுமையாகப் பேசினார். ஒரே ஆட்டம், ஒரே இடம், இரண்டு அணி. ஒருவர் அந்த இடத்தை ஆட்டத்தை உடைக்கப் பயன்படுத்தினார், மற்றவர் ஆட்டத்தைத் தொடங்கப் பயன்படுத்தினார். என் நண்பர்கள் வெறுக்கிற ஆள் முதல் வகை. அவரை நானும் வெறுக்கிறேன். ஆனால் அவருக்குரிய அடியை இரண்டாமவர் முதுகில் கொடுக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. இரண்டாம் வகை ஆட்களும் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். பந்து போனவுடன், எதிரணி ஓடத் தொடங்குமுன், நடுக்களத்திலேயே ஒரு சின்ன ஃபவுல். ஃபெர்னாந்தீன்யோ அதில் கைதேர்ந்தவர். நடுவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அழகான எதிர்த்தாக்குதல் ஒன்று பிறக்குமுன்பே செத்துவிடும். இதற்கு நடுவர்கள் தயங்காமல் அட்டை காட்டவேண்டும். நன்றாக நிற்கத் தெரிந்தவனுக்கு இழுக்கவேண்டிய தேவையே வராது என்பது என் எண்ணம்.

மேதைகளுக்கும் இந்தச் சபலம் வருகிறது. 2021 மே 29, போர்த்தோ நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. மான்செஸ்டர் சிட்டியில் அந்த இடத்துக்கென்றே ரோத்ரி, ஃபெர்னாந்தீன்யோ என்று இருவர் இருந்தார்கள். குவார்தியோலா இருவரையும் வெளியே உட்காரவைத்தார். தாக்கத் தெரிந்தவர்களாகவே நிரப்பி, குந்தோகானைப் பின்னால் நிறுத்தினார். எதிரே செல்சியில் கான்தே அந்த முழு நடுக்களத்தையும் தனக்கு எழுதிவைத்த சொத்துபோல் ஆண்டார். 42ஆம் நிமிடம் மவுண்ட் நடுவில் திறந்து கிடந்த வழியில் ஒரு பந்தை அனுப்ப, ஹாவெர்ட்ஸ் ஓடிப்போய்க் கோல் போட்டார். 1-0. ஒரு ஃபார்வர்டைக் கூட்டினால் தாக்குதல் கூடும் என்றால் சிட்டி அன்று மழைபோல் கோல் போட்டிருக்கவேண்டும். ஒன்றுகூடப் போடவில்லை. பந்தைப் பின்னாலிருந்து ஒழுங்காக மேலே கொண்டுவர ஆளில்லாமல் முன்னால் இருந்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து இஸ்தான்புல்லில் அதே இறுதி ஆட்டம், இந்த முறை ரோத்ரி உள்ளே. இண்டரை 1-0 என்று வென்ற அந்த ஒரே கோல், 68ஆம் நிமிடத்தில், ரோத்ரி அடித்தது.

இதெல்லாம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் தெரியவில்லை என்றால், நாம் ஆட்டத்தைப் பார்க்கிற விதம். இப்போது யாரும் தொண்ணூறு நிமிடம் பார்ப்பதில்லை. காலையில் கைப்பேசியில் நாலு நிமிடத் துண்டு. அதில் கோல், கோல், சிவப்பு அட்டை, கோல். எதிரணி கோல் போடாமலே போன தாக்குதல்களை எந்தத் துண்டில் காட்டுவார்கள்? முழு ஆட்டத்தைப் பார்த்தாலும் கேமரா பந்தோடு போகிறது. பந்து இல்லாத இடத்தில்தான் இவன் வேலையின் பாதி நடக்கிறது. மைதானத்தின் மேல் படியில் உட்கார்ந்து பார்த்த காலத்தில் இவை கண்ணில் பட்டன. எங்கள் நண்பர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: அடுத்த ஆட்டத்தில் பத்தே நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பாருங்கள். நாற்காலியில் சாய்ந்தபடி வேண்டாம், கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து.

மாட்ரித் பாடம் கற்றதா என்றால், பாதி கற்றது. 2015 நவம்பரில் சொந்த மைதானத்தில் பார்சலோனாவுக்கு எதிராக கஸெமீரோவை வெளியே வைத்துவிட்டு நட்சத்திரங்களால் அணியை நிரப்பினார்கள்; 4-0 என்று அடி. இரண்டு மாதத்தில் ஜிதான் பயிற்சியாளராக வந்தார். இஞ்சின் கதை தெரிந்தவர். கஸெமீரோவை நடுவில் நிறுத்தினார். தொடர்ந்து மூன்று சாம்பியன்ஸ் லீக். 2017 இறுதியில் கஸெமீரோவே ஒரு கோலும் போட்டார்.

2024 செப்டம்பரில் ரோத்ரிக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. தொடர்ந்து நாலு முறை லீக் வென்றிருந்த சிட்டி, அதே ஹாலண்ட், அதே தெ ப்ரூய்ன, அதே குவார்தியோலாவோடு, இலையுதிர் காலத்தில் வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றது. மூன்றாம் இடத்தில் முடித்தது. கூட்டல் கழித்தல் தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

அந்த அக்டோபர் 28 அன்று பாரீசில் பலோன் தோர் விழா. பரிசு ரோத்ரிக்கு. ஊன்றுகோலோடு மேடையேறி ஜார்ஜ் வேயாவிடம் வாங்கிக்கொண்டார். மாட்ரித்தின் ஃபார்வர்டு வினிசியுஸுக்குக் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு ரியல் மாட்ரித் விழாவுக்கே வரவில்லை. தலைவர், பயிற்சியாளர், ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? அதே ஃப்ளோரெந்தீனோ பெரெஸ்தான்.